டெல்மிரா மூட்டிய நெருப்பு

ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் ஓர் இடத்தை ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால், அது அவருடைய இடமா, இல்லை இரவலா? டெல்மிராவின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் எழுகிறது.

பரனா ஆற்றங்கரையில் மீன் விற்றவள் அவள். மீனவர் சங்கத்தில் விருந்துக்குச் சுடும் பெரிய கம்பியடுப்பு அவள் கணவன் சிரியாகோவின் பொறுப்பில் இருந்தது. அவன் இறந்ததும் அடுப்பு இடுக்கி அவன் தம்பி ஃபெர்மினிடம் போயிற்று. மீனவர் சங்கம்தான், ஆனால் அடுப்பில் ஏறுவது மாட்டு விலா. மீனை விற்றுவிட்டு மாட்டைத் தின்பதுதான் அங்கே கௌரவம். புனித வெள்ளியன்று கறி ஆகாது என்பதால் அன்று மட்டும் டெல்மிராவை அழைப்பார்கள். போகா என்ற ஆற்று மீனை முதுகுப் பக்கம் பிளந்து விரித்து, செதிலோடு தணல்மேல் கிடத்துவாள். செதில்தான் அவளுக்குச் சட்டி. அதன்மேல் மீன் தன் கொழுப்பிலேயே வேகும். சில வருடம் உப்பு தூக்கலாக இருந்ததும் உண்டு. சாப்பிட்டு முடித்ததும் சுட்டவருக்குக் கைதட்டுவது எங்கள் வழக்கம். அவளுக்கு யாரும் தட்டியதில்லை. மீன்தானே.

ஒரு புனித வெள்ளியன்று பந்தி முடிந்ததும் ஃபெர்மினிடம் போனாள்.

"கொழுந்தனாரே, மே இருபத்தஞ்சுக்கு நானும் அடுப்புக்கு வரேன். பாதி உங்க விலா, பாதி என் மீன்."

"தேசிய நாள்ல மீனா? நாட்டுக்காகச் செத்தவங்க எழுந்து வந்து அடிப்பாங்க, அண்ணி."

"பசியோட வந்தா உக்காரச் சொல்லுங்க. பரிமாறுறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஃபெர்மின் சிரிக்கவில்லை.

"அது எங்கண்ணன் நின்ன இடம். மீனெல்லாம் பூனைக்கு."

"இப்பதான் ரெண்டு தட்டு தின்னீங்க. எங்க, மியாவ்னு ஒரு தடவ சொல்லுங்க, கேப்போம்."

மே இருபத்தைந்து அன்று ஃபெர்மின் விலாவைத் தோளில் சுமந்து சங்கத்துக்கு வந்தபோது, விறகு எரிந்து நல்ல தணலாகியிருந்தது. அருகில் டெல்மிரா மீனைப் பிளந்துகொண்டிருந்தாள். அவன் தணல் வாரும் மண்வெட்டியை நோக்கிக் கையை நீட்டினான்.

"தொடாதீங்க. நெருப்பு என்னுது."

எங்கள் ஊரில் இதற்கு மேல் சட்டம் கிடையாது. ஒருவர் மூட்டிய நெருப்பை இன்னொருவர் குச்சியால்கூடக் கிளறக் கூடாது. அண்ணன் தம்பிகள் இதற்காகப் பேச்சை முறித்துக்கொண்டிருக்கிறார்கள். வந்திருந்த ஆண்கள் எல்லோரும் தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது நியாயமில்ல, அண்ணி."

"சட்டம் உங்களுது. நானா போட்டேன்?"

"அப்ப இந்தக் கறிய என்ன பண்றது?"

"எங்கிட்ட கேளுங்க. இடம் இருக்கு."

விலாவை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். ஆற்றைப் பார்த்தான். பிறகு கேட்டான். அவள் தணலில் பாதியை இடப்பக்கம் தள்ளிக் கொடுத்தாள்.

மதியம் விலாவும் போகாவும் ஒரே பலகையில் பந்திக்குப் போயின. மீன் நன்றாகவே வந்திருந்தது. முதலில் கைதட்டியது யார் என்பதில் இன்றும் தகராறு உண்டு. ஃபெர்மின் இல்லை, ஆனால் அவனும் தட்டினான். இனி எல்லா விருந்துக்கும் அடுப்பில் பாதி அவளுக்கு என்று சங்கம் அன்றே முடிவு செய்தது. அவள் நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

மறுவருடம் புனித வெள்ளியன்று, சங்கத்தில் மீன் காத்திருக்க, ஃபெர்மின் இரண்டு பேரோடு அவளை அழைக்கப் போனான். டெல்மிரா பக்தியுள்ளவள், சிலுவைப் பாதை ஊர்வலத்தை ஒருவருடமும் விட்டதில்லை. அன்று காலையும் போய்வந்திருந்தாள். மூவரும் தெருமுனையிலேயே தயங்கி நின்றார்கள். அந்த வாசனையை அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

முற்றத்தில் கம்பிமேல் மாட்டு விலா சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி, இன்னிக்கா?" என்றான் ஃபெர்மின்.

முன்பு அவளுக்கென்று அவர்கள் விட்டுக்கொடுத்த ஒரே நாள் அது. அவள் ஒரு துண்டை நறுக்கி, அவர்கள் கண்ணெதிரே வாயில் போட்டு நிதானமாக மென்றாள். ஏன் என்று சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.