வகுபடாத மனிதர்

பஸ் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஐம்பது வயது தாண்டும்வரை பெருமைப்பட ஒன்றும் வாய்க்கவில்லை. அப்புறம் ஒரு கைப்பேசி எண் வாய்த்தது: 4190341903. ஐந்து இலக்கம், பின்னாலேயே மறுபடி அதே ஐந்து. கடைக்காரரிடம் தவம் கிடந்து வாங்கினார்.

முடிதிருத்தும் கடையில் புரட்டிய ஒரு வாரப்பத்திரிகை மீதி வேலையைச் செய்தது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாதது பகா எண் என்று அதில் போட்டிருந்தது. தன் எண்ணை இரண்டால் வகுத்துப் பார்த்தார், மூன்றால், ஐந்தால், ஏழாலும் பார்த்தார். போகவில்லை. அதற்குமேல் கை வலித்தது. பகா எண்தான் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

பிறகு மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. தானும் தன் எண்ணும் ஒரே சாதி என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கிடங்கில் புதிதாக வந்த குமாஸ்தாவுக்கு மேஜையில் ஒரு முழம் இடம் விடவில்லை. கொட்டுகிற மழையில் பெண்சாதியைக் குடைக்குள் சேர்ப்பதற்குக்கூடக் கணிதத்தின் அனுமதி கிடைக்கவில்லை. அந்த அம்மாள் நனைந்துகொண்டே பின்னால் வந்தாள்.

மருந்துக்கடை நடத்தும் தங்கை ஒருநாள் வந்தாள். அம்மா போனதிலிருந்து அப்பா அவள் வீட்டில்தான். இனி ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம், தனியாளாக முடியவில்லை என்றாள்.

"நான் பகா எண்மா," என்றார் அண்ணன், நாற்காலியில் சாய்ந்தபடி. "பங்கு போட்டுக்கறது என் சுபாவத்துலயே இல்ல."

தங்கை காபியைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. தன் கைப்பேசியில் அண்ணன் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்று விட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டினாள். பதினேழு. விட்டதையெல்லாம் கூட்டினாள். அதுவும் பதினேழு.

"ரெண்டும் ஒண்ணா இருந்தா பதினொண்ணால போகும்ணா. அஞ்சு இலக்கத்தை ரெண்டு தரம் எழுதினா எப்பவுமே இப்படித்தான்."

அண்ணன் சிரித்தார். தாளும் பேனாவும் கொண்டுவரச் சொல்லி, தானே வகுக்க உட்கார்ந்தார். பாதியில் சிரிப்பு நின்றது. 380940173. மீதி பூஜ்யம். முதலில் பேனாவைச் சந்தேகித்தார், பிறகு பத்திரிகையை. தவம் கிடந்து வாங்கிய அழகே காலை வாரிவிட்டது என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

"அடுத்த வாரம் அப்பாவைக் கூட்டிட்டு வரேன்," என்றாள் தங்கை. மறுப்பதற்கு அவரிடம் வேறு கணக்கு இருக்கவில்லை.

பெரியவர் இரண்டு பையோடு வந்து, காற்று வரும் அறையைப் பிடித்துக்கொண்டார். மகன் கூடத்துக்குப் பாயைத் தூக்கினார். பணிமனையில் செய்தி எப்படியோ பரவி, "பதினொண்ணு" என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். குமாஸ்தா கேட்காமலே மேஜையில் பாதியை எடுத்துக்கொண்டான்.

இந்த வீட்டில் தனக்குப் பிடித்தது மருமகள் ஒருத்திதான் என்று அப்பா ஒரு மாதம் கழித்துச் சொன்னார். வேறு யாரிடமும் இல்லை, மகனிடமேதான் சொன்னார்.