பதிலுக்கு வந்த பறக்கும் மனிதர்

அன்று லுணுகலை டவுனில், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரின் துணிக்கடை வாசலில் நின்றவர்கள் அம்மா, சித்தப்பா, நான். அப்பா வரவில்லை. பறக்கிறவனை நம்பி உலை வைக்க முடியாது என்று சொல்லி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போய்விட்டார். அம்மாவோ மத்தியானக் கொழுந்தை எடை போட்டதும் கூடையை இறக்கிவிட்டு என்னோடு பஸ் ஏறினாள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. துணி வாங்காதவர்களும் பார்க்கட்டும் என்று நானா தன் தொலைக்காட்சிப் பெட்டியை வாசல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். பறக்கும் மனிதர் தொடர் அதில்தான் எங்களுக்கு அறிமுகம். எல்லோரும் இங்கிலீஷில் பேசுவார்கள். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் என்ற முறையில் அதைத் தமிழில் சொல்லும் பொறுப்பு எனக்கு. என் மூன்றாம் வகுப்பு இங்கிலீஷுக்கு எட்டாததை நானே இட்டு நிரப்புவேன். அந்தக் கதை அசலைவிட மோசமில்லை என்று இன்றும் நம்புகிறேன். அவர் இடியும் கட்டடத்தைத் தாங்கிப் பிடிப்பதைவிட, பிடித்துவிட்டு யாருடைய நன்றிக்கும் காத்திராமல் கிளம்பிவிடுவதுதான் எனக்குப் பிடிக்கும்.

தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அவரைக் காணவில்லை. மறுபடி வருகிறார் என்று சித்தப்பா செய்தி கொண்டுவந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வந்தார். அதே உடுப்பு, முதுகில் அதே துணி. முகம் வேறு. தோள் ஒடுங்கியிருந்தது. மாடியிலிருந்து குதித்தபோது லேசாகத் தடுமாறினார்.

"டூப்ளிகேட்டுடா இது. பஸ் காசு தண்டம்" என்று சித்தப்பா சிரித்தார். கடையே சிரித்தது. இத்தனை நாள் காத்திருந்தது இந்த ஆளுக்கா? தமிழில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

அம்மா மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டூப்ளிகேட்டு இல்ல தம்பி, பதிலாளு. பழையவருக்கு மேலுக்கு முடியாமப் போயிருக்கும். பதிவுல பேர வெட்டிறக் கூடாதுன்னு கூடப்பொறந்தவன அனுப்பியிருக்காங்க. நம்ம தோட்டத்துல செய்யலையா?"

"செய்றாங்க அண்ணி. ஆனா இவரு தடுமாறுறாரே."

"மொத நாளு அப்பிடித்தான் இருக்கும். விழுறவங்களப் புடிக்கிறாரா இல்லையா, அதப் பாருங்க."

அந்த நேரம் பார்த்துக் கூரையிலிருந்து ஒரு குழந்தை விழுந்தது. கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் கோணலாக, ஆனாலும் பிடித்துவிட்டார். நானாவே கை தட்டினார். "அண்ணனுக்குச் சொகமாகிற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்னு சொல்றாரு" என்று மறுபடி ஆரம்பித்தேன். அம்மா திருப்தியாகத் தலையாட்டினாள்.

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தவர் இந்த இரண்டாமவர்தான். பழையவர் பறக்கவே பிறந்தவர். இவர் பழகிப் பறந்தவர்.

அந்த மாதச் சம்பள நாளில் அம்மாவோடு தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்றேன். நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன பெரியம்மாவின் பெயரைச் சம்பளம் கொடுக்கும் கிளாக்கர் ஐயா கூப்பிட்டார். அம்மா "ஆமாங்க" என்று முன்னால் போனாள். ஐயா பெயரை மாற்றிக் கூப்பிடுகிறார், அம்மா பயந்துகொண்டு திருத்தாமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். நோயில் விழுந்த அக்காவுக்குப் பதிலாக, அந்த அக்காவின் பெயரிலேயே வேலை செய்ய, பதினாறு வயதில் ஹல்துமுல்லையிலிருந்து இந்தத் தோட்டத்துக்கு வந்தவள் அவள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அம்மா காசை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டாள். பறக்கும் மனிதர் திரும்பி வந்ததில் எங்களுக்கு ஆன செலவு, பஸ் காசு போக, அரை நாள் சம்பளம்.