திரிபோலியிலிருந்து பம்பாய்க்கு நூல் பிடித்தவர்

ராஜப்பனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. நல்ல மனிதர்தான், ஆனால் அப்படியொரு பிடிவாதம்! ஓசூர் லாரி புக்கிங் ஆபீசில் பதினாறு வருஷம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். எந்த லாரி எந்த ஊருக்கு எப்போது போய்ச் சேரும் என்று சொல்வதில் அவரை அடிக்க ஆளில்லை. கிலோமீட்டரை வேகத்தால் வகுப்பார். வழியில் வரும் ஒவ்வொரு எல்லைக்கும், செக்போஸ்ட் வரிசையில் கிடக்க அரை நாள் கூட்டுவார். சொன்னால் சொன்ன நேரத்துக்கு லாரி போய் நிற்கும். அந்தத் திமிர்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

எண்பத்து நான்காம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில், குருபரப்பள்ளியில் அவருடைய அக்கா லட்சுமியம்மாள் இறந்துபோனார். ஒரே மகன் பெருமாள் லிபியாவில், திரிபோலியில், கட்டட வேலையில் இருந்தான். தந்தி அடித்தோம். சாயங்காலமே பதில் வந்துவிட்டது. இன்று இரவு விமானம் ஏறுகிறேன், பம்பாய் வழியாக வருகிறேன், அம்மாவை எடுத்துவிடாதீர்கள் என்று.

கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். ஐஸ் வைத்திருந்தோம். மறுநாள் பொழுது சாயும்வரை தாங்கும் என்றார்கள். அதற்குள் அவன் வந்துவிடுவானா? எல்லாரும் தாய்மாமனைத்தான் பார்த்தார்கள்.

ராஜப்பன் பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றை வாங்கிவரச் சொன்னார். தையல் நூலைத் திரிபோலிமேல் வைத்துப் பம்பாய்வரை இழுத்துப் பிடித்தார். "ஆறாயிரம் கிலோமீட்டர் வருது. பிளேனுக்கு எட்டு மணி நேரம்" என்றவர், நூல் தாண்டுகிற தேசங்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். "நாலு பார்டர், ரெண்டு நாளு. வெள்ளிக்கெழமைக்கு முன்னாடி வரமாட்டான்."

"அண்ணே, ஆகாசத்துல ஏதுண்ணே செக்போஸ்ட்?" என்றேன்.

"ஏம்ப்பா சுடலைமுத்து, நம்ம கர்நாடகா பார்டர்லயே சும்மா உடறானா? அது வேற வேற தேசம்! எறங்கிப் பேப்பர் காட்டாம உட்டுருவானா? நீ பிளேன் ஏறியிருக்கியா?"

ஏறியதில்லை. வாயை மூடிக்கொண்டேன். என் வாயில்தான் மண்ணைப் போட வேண்டும்! நாளைச் சாயங்காலம்வரை பார்ப்போமே என்று ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வராதவனுக்காக உடம்பை ஏன் போட்டுவைக்க வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். புதன்கிழமை காலையில் பங்காளி மகன் ஒருவன் கொள்ளி வைத்தான்.

அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு பெங்களூர் டாக்சி ஒன்று வந்து நின்றது. பெருமாள் பையைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடிவந்தான். கழுவிவிட்டிருந்த வீட்டைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

மூன்று பேரும் சுடுகாட்டுக்குப் போனோம். வழியெல்லாம் ராஜப்பன் புலம்பிக்கொண்டே வந்தார். "என்னை அடிடா கண்ணு. நாந்தான் கணக்குப் போட்டேன். நீ வரமாட்டேன்னு நாந்தான் சொன்னேன்."

பெருமாள் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாம்பல்மேல் கையை வைத்தவன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"இன்னும் சுடுது மாமா. எத்தனை மணிக்கு வெச்சீங்க?"

பத்து மணிக்கு என்று நான்தான் சொன்னேன்.

"பத்து மணிக்கா? பம்பாய்ல எறங்கி நின்னுக்கினு இருந்தேனே மாமா."