தோல் சீவாத மிஸ்வாக்

பெருநாள் கழிந்து, விரும்பியவர்கள் ஆறு நோன்பு பிடிக்கும் ஷவ்வால் மாதத்து என் நாட்குறிப்பில் ஒரு வரி: ‘பதினோராம் வகுப்பில் இன்றும் ஜன்னலோரம் நின்றே பாடம் நடத்தினேன்.’ கல்முனையில் கடற்காற்றுக்குப் பஞ்சமில்லை. அந்த வகுப்புக்கு அதுவும் போதவில்லை. தலைக்கு ஜெல், சட்டைக்கு அத்தர், பல்லுக்கு மட்டும் ஒன்றுமில்லை.

அந்த மாணவர்களில் ரிஸ்னி, நுனித் தோலைச் சீவிப் பல் துலக்கும் மிஸ்வாக் குச்சியைப் பேனாவைப் போலச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு திரிவான். குர்ஆன் ஓதும் போட்டிக்குப் பள்ளியின் சார்பில் போகிறவனும் அவன்தான். புறப்படும் காலையில் அவனை அருகில் அழைத்தேன், உடனே வருந்தினேன்.

“பல்லுத் தீட்டினியா?”

“இண்டைக்கு நோன்பு சேர். நோன்பாளிட வாய் வாசம் அல்லாஹ்கிட்ட கஸ்தூரிய விட மேல்.”

“நடுவர் மனுசன்டா!”

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: “பொய் சேர்! இப்பதான் கென்டீன்ல ரெண்டு ரோல்ஸ் அடிச்சிட்டு வாறான்!”

மிஸ்வாக்கை உருவிப் பார்த்தேன். நுனித் தோல்கூடச் சீவப்படவில்லை. அவன் மஞ்சளாகச் சிரித்தான். பள்ளியின் மானம் இன்றோடு போயிற்று என்று எண்ணிக்கொண்டே வேனில் ஏறினேன்.

அவன் ஓதினான். மண்டபம் அசையவில்லை. கண் நனைந்ததை மறைக்க, கண்ணாடியைத் துடைத்தேன். முதலிடம் அவனுக்கே. சுத்தமான ஓசை சுத்தமான வாயிலிருந்துதான் வரும் என்று அதுவரை நம்பியிருந்தேன். ஒலிபெருக்கி வாசத்தைக் கடத்துவதில்லை.

“சேர்!” என்று ஓடி வந்து கட்டிப்பிடித்தான். மூச்சை அடக்கிக்கொண்டு நானும் தழுவினேன்.

பரிசு வாங்கிய படத்திலும் அந்த மிஸ்வாக் அவன் பையில் நிற்கிறது. பிறகாவது அதன் தோல் சீவப்பட்டதா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.