ஃபேன் சத்தம் நின்ற சாயங்காலம்

மாலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு என் மகளின் லேப்டாப்பில் ஃபேன் சத்தம் நின்றது. நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். சத்தம் நின்றதும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணி, சந்தோஷமாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அவளுக்கு போன் செய்தேன்.

"முடிஞ்சிடுச்சும்மா. சத்தம் நின்னுடுச்சு."

அவள் சென்னை பஸ்ஸில் இருந்தாள். "ஸ்கிரீன்ல இன்னா இருக்குதுன்னு பாருப்பா" என்றாள்.

அது பழைய லேப்டாப். ஏதோ ஒரு கம்பெனி தன் அதிகாரிகளுக்குக் கொடுத்து, பிறகு மொத்தமாகத் தள்ளிவிட்டதில் ஒன்று. கம்பெனி ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம் மூடியில் இன்னும் இருக்கிறது. மெல்லியது. கையில் எடுத்தால் ஒரு கல்யாணப் புடவையின் கனம்தான். ஏரிக்கரைக்குத் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம் என்றுதான் அதை வாங்கினாள்.

அவள் விலங்கியல் முதுகலை படிக்கிறாள். மாகறல் பக்கம் ஓர் ஏரியில், தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டும். நாற்பத்தொரு கூடுகளுக்கு எண் போட்டு, மூன்று நாளைக்கு ஒரு முறை அதே இடத்தில் நின்று ஒவ்வொன்றையும் படம் எடுத்தாள். இரண்டு பருவம் எடுத்தாள். எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, எது பிழைத்தது என்று அந்தப் படங்களைக் கொண்டுதான் ஆய்வேடு எழுத வேண்டும். அது நன்றாக வந்தால் வெளியூரில் மேலே ஆராய்ச்சி செய்ய இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். விடியற்காலையில் மொபெட்டில் அவளைக் கொண்டுபோய் விட்டவன் நான். பதினேழாம் கூட்டில் மூன்று குஞ்சில் இரண்டு பிழைத்தது எனக்கும் தெரியும்.

படங்கள் எல்லாம் அந்த லேப்டாப்பில் மட்டுமே இருந்தன. கேமரா கார்டு நிரம்பியதும் அதில் இறக்கிவிட்டு, கார்டை அழித்துவிடுவாள். எங்கள் வீட்டு இணையத்தில் அத்தனையையும் ஏற்றி வைப்பது நடக்கிற காரியம் இல்லை. கடைசியில் லேப்டாப்பின் டிஸ்க்கும் நிரம்பிவிட்டது. பெரிய டிஸ்க் ஒன்று வாங்கினாள். பழையதில் இருப்பதை அப்படியே புதியதில் நகல் எடுத்து, புதியதை உள்ளே மாட்டிவிட்டு, பழையதைப் பத்திரமாக எடுத்து வைப்பதாக ஏற்பாடு. அதன் பிறகுதான் முதல்முறையாக எல்லாப் படங்களும் இரண்டு இடத்தில் இருக்கும்.

தொல்லை கொடுத்தது ஃபேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறை முழுக்கத் தறி. லேப்டாப்பின் ஒயர் எட்டுகிற பிளக் பாயின்ட்டும் அங்கேதான் இருக்கிறது. தறியை ஒட்டிய பலகையில் வைத்து அவள் வேலை செய்வாள். தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற மோட்டார் மாதிரி ஃபேன் இரைந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் பின்பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஃபேனிலிருந்து சின்ன இடுக்கியால் ஒரு கட்டைப் பிடித்து இழுத்தாள். கம்பளித் துண்டு போல வந்தது. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து நீலம். எல்லாம் என் தறியிலிருந்து பறந்த பட்டுப் பிசிறு.

"பாருப்பா, நீ நெய்ஞ்ச பொடவைக்கெல்லாம் இதுக்குள்ள ஒரு சாம்பிள் இருக்குது."

"கடைக்காரருக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணுன்னு நெய்றாரு போல உங்கப்பா" என்றாள் என் மனைவி.

மூவரும் சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. அன்றிலிருந்து பிசிறு பறந்தாலே என் கண் அந்த லேப்டாப்பின் மேல்தான் போகும்.

இரண்டு நாள் அமைதியாக இருந்து, மறுபடி இரைய ஆரம்பித்தது. பெரிய காஞ்சிபுரத்தில் ரிப்பேர் கடை வைத்திருப்பவரிடம் காட்டினாள். "ஃபேனே தேஞ்சிபோச்சும்மா. பழைய மாடல், ஸ்பேர் சொல்லித்தான் வரவழைக்கணும். அதுக்குள்ள காப்பி எடுத்துடு" என்றார்.

அதைத்தான் அன்று மதியம் ஆரம்பித்தாள். புதிய டிஸ்க்கை ஒரு சின்னப் பெட்டியில் போட்டு ஒயரால் இணைத்திருந்தாள். முடிய இரவாகும் என்று காட்டியது. இதற்கிடையில் பேராசிரியர் கூப்பிட்டுவிட்டார், மறுநாள் காலையில் வரச் சொல்லி.

"தொடாதப்பா. ஸ்கிரீன எறக்காத, எறக்கினா தூங்கிடும். அது கத்திக்கினேதான் இருக்கும், நீ பயப்படாத."

"சாமி கும்புடுற மாதிரி தள்ளி நின்னு பாக்குறேன், போதுமா?"

"உன்ன நம்பி ரெண்டு வருசத்த விட்டுட்டுப் போறேன்பா" என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

ஐந்து மணிக்குத் தறியை நிறுத்தினேன். தறி நின்றதும் அறையைப் பெருக்குவோம். பெருக்குவதற்கு முன் தறியில் கட்டியிருக்கும் பாவு நூலின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்துவோம், நூலில் தூசு படக் கூடாது. சின்ன வயதிலிருந்து என் கை செய்கிற வேலை அது. அன்று இன்னொரு துணியை எடுத்து, இரண்டாக மடித்து, லேப்டாப்பின் மேலும் போட்டேன். திரையை இறக்கவில்லை. அவள் சொன்னபடி திறந்தே இருந்தது. திரையின் மேலிருந்து இருபுறமும் பலகை வரை தொங்கும்படி நன்றாகப் போர்த்தினேன். பெருக்கி முடித்த பிறகும் எடுக்கவில்லை. தறிக்குப் போட்ட துணியை மறுநாள் காலையில்தானே எடுப்போம்.

ஐந்து நாற்பதுக்கு அவள் போனில் திரையைப் பார்க்கச் சொன்னதும் துணியைத் தூக்கினேன். இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனது போல அனல் அடித்தது.

"கறுப்பா இருக்குதும்மா."

"கரன்ட் போச்சா?"

"தெரியலம்மா."

தெரியும். என் தலைக்கு மேல் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை, அவள் சொன்னபடி ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் திறந்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டிப் பார்த்தார். விரல் நீளம்கூட இல்லாத ஒரு தகடு. மூன்று மெஷினில் மாட்டினார். எதிலும் அது இருப்பதாகவே காட்டவில்லை.

"சூடு ஏறுற மாதிரி எங்கனா வெச்சிருந்தீங்களாண்ணே? மெத்த மேல, தலகாணி மேல?"

"இல்லப்பா. பலக மேலதான் இருந்துச்சு."

அது பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

"பாதியில நின்ன காப்பியில எதுவும் தொறக்கல. பழச மெட்ராஸுக்கு அனுப்பிப் பாக்கலாம். ஆனா நம்பிக்க வெச்சிக்காதீங்க" என்றார்.

அனுப்பினோம். இதை எழுதும் இன்றுவரை ஒரு படம்கூடத் திரும்பி வரவில்லை. பேராசிரியருக்கு மாதிரிக்காக அனுப்பிய கொஞ்சம் படங்கள் மட்டும்தான் மிச்சம். அவற்றை வைத்து ஒரு கூட்டின் கதையைக்கூட முழுதாகச் சொல்ல முடியாது. ஏரி வற்றிவிட்டது, நாரைகள் போய்விட்டன. அவளுக்குப் படிப்பு முடிகிற வருடம் இது. வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் சட்டென்று நின்றால், மிக்சி நின்றால்கூட, இப்போதும் எழுந்து ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

அந்த இரண்டு நாளும் அவள் போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். வோல்டேஜ் ஏறி இறங்கியதா, யாராவது ஒயரைத் தட்டினார்களா, பல்லி கில்லி விழுந்ததா. ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றேன். "அப்ப என் மேலதான் தப்பு. ஃபேன் வந்தப்புறம் பண்ணியிருக்கணும்" என்றாள். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். அவள் அன்று சாயங்காலம் வீட்டில் இல்லை. "இன்னாங்க, சாப்பாட்டையே மொறச்சிக்கினு இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாம் நாள் மாலை வழக்கம்போலத் தறியை நிறுத்தினேன். கடையிலிருந்து கொண்டுவந்த லேப்டாப் பழைய இடத்தில், பலகையில் திறந்தபடி கிடந்தது. உள்ளே டிஸ்க் இல்லாத வெறும் கூடு. பெருக்கினேன். கையைக் கழுவிவிட்டுத் திரும்பியபோது என் மகள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தறியைப் பார்த்தாள், பிறகு பலகையைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். தறியின் மேல் ஒரு துணி இருந்தது. லேப்டாப்பின் மேலும் ஒரு துணி, இரண்டாக மடித்து, இருபுறமும் தொங்கும்படி இருந்தது. எப்போது போட்டேன் என்று எனக்கே தெரியாது.

அவள் கிட்டே போய்த் துணியின் ஓரத்தைத் தொட்டாள். தூக்கவில்லை.

"அன்னிக்கும் இப்படித்தான் போத்தி வெச்சிருந்தியாப்பா?"