பாரிஸுக்குக் கீழ எங்களுக்கு ஆக்களில்லை

எங்கட சனம் ஐரோப்பாவில கார் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டால், ஊர் பாக்க வெளிக்கிடாது. சொந்தக்காரர் ஆற்ற வீடு எங்க இருக்கோ அதுதான் றோட்டு. லண்டனில இருந்து ஜெர்மனிக்குப் போறதெண்டால் வழியில ஒரு மச்சாள் வீட்டில சாப்பாடு, அங்கால ஒரு சித்தப்பா வீட்டில படுக்கை, அடுத்த நாள் ஆற்றையோ பிள்ளையின்ர பிறந்தநாள். ஹோட்டல் எடுத்தால் குற்றம். "எங்கட வீடு இருக்க ஹோட்டலோ?" எண்டு மூண்டு வருஷத்துக்கு முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டிருப்பினம்.

அதாலதான் நான் தென்மேற்குப் பக்கத்தைத் தெரிஞ்செடுத்தன். லண்டன் செவன் கிங்ஸில என்ர குசினி மேசையில மேப்பை விரிச்சு, பாரிஸில இருந்து விரலைக் கீழ இழுத்துக்கொண்டு வந்தன். போர்தோ, ஸ்பெயின் எல்லை, சான் செபஸ்தியான், சலமங்கா, போர்த்துக்கல் எல்லை, போர்ட்டோ, லிஸ்பன். ஒரு இடத்திலயும் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு கதவு இல்லை. என்னையும் என்ர மனுசனையும் தவிர ஒருத்தரும் இல்லாத மூண்டு கிழமை. எனக்கு அதுதான் வேணும்.

மனுசன் பாரிஸில, நான் லண்டனில. சண்டை ஒண்டும் இல்லை, பிரிஞ்சும் போகேல்லை. பிள்ளையள் இங்கிலிஷில படிக்கவேணும் எண்டு வந்த வினை. அந்த நேரம் பிரான்ஸில இருந்து எத்தினை குடும்பம் அப்பிடி வந்தது. மகளுக்கு எட்டு வயசு, மகனுக்கு அஞ்சு. அவருக்கு அங்க ரெஸ்டோரண்ட் குசினியில நல்ல வேலை. "நீர் முன்னுக்குப் போம், ரெண்டு வருஷத்தில நானும் வந்திடுவன்" எண்டார். ரெண்டு வருஷம் இருபத்திரண்டு வருஷமாப் போச்சு. முதல் மாசத்துக்கு ஒருக்கா வந்தார், பேந்து பிறந்தநாளுக்கு, பேந்து லீவு கிடைச்ச நேரம். வந்தாலும் வீடு நிறையச் சனம். அவர் வந்தது தெரிஞ்சால் லண்டனின்ர மற்றத் தொங்கல், ஸ்ட்ரெதமில இருந்தும் ஆக்கள் வந்திடுவினம். நான் குசினியில, அவர் ஹோலில. படுக்கையும் அப்பிடித்தான்: நான் பிள்ளையளோட மேல, அவர் ஹோல் சோபாவில. பிள்ளையள் வளர்ந்தாப் பிறகும் அது அப்பிடியே பழகிப்போச்சு.

இப்ப மகள் கலியாணம் கட்டி ஹவுன்ஸ்லோவில. மகன் வேலையெண்டு மான்செஸ்டரில. போன வருஷம் அவனும் வெளிக்கிட்ட பிறகுதான் இந்த வீடு எவ்வளவு பெரிசெண்டு கண்டன். நான் பள்ளிக்கூடமொண்டில பிள்ளையளுக்கு மத்தியானச் சாப்பாடு குடுக்கிற வேலை. மூண்டு மணிக்கு வந்து கதவைத் திறந்தால், காலமை வைச்சிட்டுப் போன கோப்பை வைச்ச இடத்திலயே இருக்கும். ஆராவது அதை அங்கால அரக்கி வைச்சிருந்தால் ஏசவாவது செய்யலாம். ஏசுறதுக்கும் ஆளில்லை. எனக்கு வாய் சும்மா இராது, இப்ப ரேடியோவோட சண்டை பிடிக்கிறன்.

ஓகஸ்டில எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை, அவற்ற ரெஸ்டோரண்டும் பூட்டு. என்ர காரைக் கடலுக்குக் கீழ போற சுரங்க ரயிலில ஏத்திக்கொண்டு போய், பாரிஸில அவரை ஏத்திக்கொண்டு கீழ இறங்குறது எண்டு கொப்பியில எழுதினன். இங்கத்தைய காருக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். அங்க டோல் வாசலில காசு கட்டுற பெட்டி இடப்பக்கம் இருக்கும், பக்கத்து சீற்றில இருக்கிற ஆள்தான் கையை நீட்டவேணும். தனியப் போனால் ஒவ்வொரு வாசலிலயும் இறங்கிக் காரைச் சுத்தி ஓடவேணும், பின்னால நிக்கிறவை ஹோர்ன் அடிச்சுக் கொல்லுவினம். இதை வாசிச்ச நேரம் எனக்குச் சந்தோசத்தில புழுகம் தாங்கேலாமல் போச்சு. ரெண்டு பேர் இல்லாட்டி ஒழுங்காப் போகேலாத பயணம்.

பின்னேரம் நாலு மணிக்கு அவருக்கு ஓய்வு, அந்த நேரம்தான் போன் எடுக்கிறவர். அவருக்கு முழங்கால் நோ எண்டபடியால் ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல ஓடுறேல்லை, எங்க நிப்பாட்டித் தேத்தண்ணி குடிக்கிறது எண்டெல்லாம் வாசிச்சுக் காட்டுவன். "ஓம், ஓம்" எண்டு கேட்டுக்கொண்டிருப்பார். நான் பிழை விட்டது எங்கயெண்டால், திகதியை உங்கட தம்பிக்குச் சொல்லாதேங்கோ எண்டு சொல்ல மறந்துபோனன். எங்கட சனத்துக்கு இதைச் சொல்லித்தான் வைக்கவேணும்.

"இஞ்சேரும், தம்பியாக்களும் வாறதெண்டு நிக்கினம்," எண்டார் ஒருநாள். "அவன்ர மாமியும். ஒம்பது பேர் வான் ஒண்டு எடுத்தால் எல்லாரும் ஒண்டாப் போகலாம். ரைஸ் குக்கரும் கொண்டு வருவினமாம்."

எனக்கு விசர் வந்திட்டுது. "வானும் வேண்டாம், ரைஸ் குக்கரும் வேண்டாம். உங்களோட போகத்தான் நான் வெளிக்கிட்டனான், உங்கட தம்பியின்ர மாமியோட இல்லை" எண்டன்.

அந்தப் பக்கம் ஆரோ பாத்திரம் அடுக்குறது கேட்டது.

"மூண்டு கிழமை," எண்டார் பிறகு. "நீரும் நானும் மட்டும். என்னத்தைக் கதைக்கிறது?"

நக்கலுக்குச் சொல்லேல்லை. பயந்துபோய்ச் சொன்னார். எனக்குச் சரியா நொந்தது, ஏனெண்டால் அதே கேள்வி எனக்குள்ளயும் கிடந்தது. இருபத்திரண்டு வருஷமா ஒவ்வொரு நாளும் கதைச்சனாங்கள். பள்ளிக்கூட றிப்போர்ட், மகனின்ர இருமல், பொயிலர் பழுது, மகளின்ர கலியாண ஹோல். எல்லாம் முடிஞ்சுது. இப்ப மழையோ வெயிலோ எண்டு கேட்டுப்போட்டு வைக்கிறம். பயணக் கதை தொடங்கின பிறகுதான் பத்து நிமிஷம் போனது. அதிலயும் நான்தான் கதைச்சிருக்கிறன்.

"தெரியாது," எண்டன். "கதைக்காமல் இருந்தாலும் பரவாயில்லை. கார் ஓடிக்கொண்டுதானே இருக்கும்."

ஒரு கிழமை அவர் அதைப்பற்றி வாய் திறக்கேல்லை. வரேல்லை எண்டு சொல்லிப்போடுவாரோ எண்ட பயத்தில நானும் கேக்கேல்லை. கொப்பியை மூடி மேசை லாச்சிக்குள்ள வைச்சிட்டன். ஒரு செவ்வாய்க்கிழமை தானாச் சொன்னார், "தம்பியை வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். கோவத்தில திரியிறான்." தம்பிக்கு மாட்டன் எண்டு சொல்லுறது எங்கட வீடுகளில லேசுப்பட்ட வேலையில்லை. எனக்காகத்தான் சொன்னவர்.

அவற்ற மனசு மாற முதல் ஹோட்டல் போடுவமெண்டு அண்டைக்கே போனோட குந்தினன். போர்தோவில ஆத்தங்கரைக்குக் கிட்ட ஒண்டு வந்தது. எத்தினை பேர் எண்டு கேட்டது, ரெண்டு எண்டு போட்டன். எத்தினை அறை எண்டு கேட்டது. கலியாணம் கட்டி முப்பத்திரண்டு வருஷமான மனுசி, அதில நிண்டு யோசிக்கிறன். வெக்கமாவும் இருந்தது. அவருக்கு எடுத்துக் கேட்டன்.

"உமக்கு எப்பிடி வசதியோ அப்பிடிப் போடும்," எண்டார், விருந்துக்கு வந்த ஆளோட கதைக்கிற மாதிரி. "என்னால உமக்கு நித்திரை குழம்பும். நான் லைட்டைப் போட்டிட்டுத்தான் படுக்கிறனான்."

"எப்ப தொடக்கம்?"

"நீங்கள் மூண்டு பேரும் அங்க போன கிழமை தொடக்கம். இருட்டில தனியப் படுக்க ஏலாமல் கிடந்தது. பிறகு அதுவே பழகிப்போச்சு."

எனக்கு இது தெரியாது. அவர் இஞ்ச வாற ஒவ்வொரு முறையும் ஹோலில லைட் எரியும். அணைக்க மறந்திட்டாரெண்டு புறுபுறுத்துக்கொண்டு, எழும்பிக் கீழ வந்து அதை நூத்துப்போட்டுப் போனது நான்தான். ஒரு முறைகூட அவர் ஒண்டும் சொன்னதில்லை.

"ஒரு அறைதான் போடுறன்," எண்டன். "லைட் எரியட்டும்."