சித்தி கொடுத்த வாக்கு

மலையிலிருந்து மேகம் இறங்கிவரும் மாலைகளில், ராஜபாளையத்தில் மாமா வீட்டு மொட்டைமாடியில் சித்தி இங்கிலீஷ் படித்தாள். சிங்கப்பூர் மாப்பிள்ளை வீட்டாருக்கு இங்கிலீஷ் பேசுகிற பெண் வேண்டுமாம். அதற்காகவே மாமா தன் தங்கையை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிட்டார்.

அந்த வீட்டில் இங்கிலீஷ் மீடியம் படித்த ஒரே மேதை நான்தான். ஐந்தாம் வகுப்பு. எனவே சித்திக்குப் பேச்சுத்துணையாக என்னை உட்கார்த்தி வைத்தார்கள். அவளுக்குப் பிடித்தவை ‘ஹேவ்’ வருகிற வாக்கியங்கள். ‘ஐ ஹேவ் சீன்’, ‘ஐ ஹேவ் ஹெர்ட்’ என்று மேகத்தைப் பார்த்து மெல்லச் சொல்வாள். எப்போது பார்த்தோம் என்று சொல்லத் தேவையில்லையாம். பார்த்தாயிற்று, அது இன்னும் நம்மோடு இருக்கிறது, அவ்வளவுதானாம். எனக்குக் கண் சொக்கும். மாமாவுக்குத் தெரியாமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போய்ப் பால்கோவா வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்து எழுப்புவாள். என் சொத்தைப் பல்லுக்காக மாமா இனிப்பைத் தடை செய்திருந்தார்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னார்: “பாட்டெல்லாம் வேண்டாம்மா. செத்த நேரம் இங்கிலீஷ்ல பேசு, கேப்போம்.”

சித்தி மாப்பிள்ளையை மட்டும் பார்த்தாள். “ஐ ஹேவ் ப்ராமிஸ்ட் சம்ஒன். ஐ ஹேவ் நாட் டோல்ட் மை பிரதர். ப்ளீஸ் ஹெல்ப் மீ.”

ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. பால்கோவா விஷயம் இப்படிச் சபைக்கு வந்துவிட்டதே என்று நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். நல்லவேளை, மாமாவுக்கு ‘பிரதர்’ மட்டும்தான் பிடிபட்டது. தங்கை தன்னைப் புகழ்கிறாள் என்று பூரித்துப்போனார். “எம்புட்டு அழகாப் பேசுது” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளை காபி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

சில நாளில், தனக்கு இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்று அவரே சொல்லியனுப்பிவிட்டார். மாமா வீடே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோது, சித்தி என்னைக் கோயிலுக்கென்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனாள். பால்கோவா கடை பெஞ்சில் அவளுடைய இங்கிலீஷ் வகுப்பில் படிப்பவர் ஒருவர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். சித்தியின் கண் கலங்கியிருந்தது.

எனக்குக் கொடுத்த வாக்குக்காகச் சிங்கப்பூரையே விட்டவளாயிற்றே என்று என் பால்கோவாவில் பாதியை அவளிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கி, அப்படியே அந்த ஆளிடம் கொடுத்துவிட்டாள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.